நெருஞ்சிக் கம்பளி

இடது கை கம்பளியை அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை அதிலிருந்து முள்ளைக் கழற்றிக்கொண்டிருந்தது. இழுப்பதில்லை, பிடுங்குவதில்லை. கட்டைவிரல் நகத்தை அடியில் கொடுத்து ஒரு சின்னத் திருகல், அவ்வளவுதான். நூல் அறாமல் முள் கையோடு வந்துவிடும். வெயிலில் காட்டி ஒரு பார்வை. முற்றிக் காய்ந்தது தட்டுக்கு, பச்சையும் பூஞ்சை பிடித்ததும் வாளிக்கு.

அந்தக் கைகளுக்கு உரியவளை எல்லாரும் முள்ளக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள மைதானத்தில், மஞ்சள் பூவோடு தரையில் படரும் நெருஞ்சியின் முள்ளைச் சேர்த்து மருந்துக்கடைக்குக் கொடுப்பது அவள் பிழைப்பு. நீர்க்கடுப்புக்கு அதில் கஷாயம் வைப்பார்கள். "எல்லாரும் கால்ல இருந்து எடுத்து வீசுறாங்க, நான் அதைப் பொறுக்கிச் சாப்பிடுறேன்" என்பாள். சொல்லும்போது முகத்தில் சிரிப்புத்தான் இருக்கும்.

யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த தொழில் இல்லை. நாத்தனார் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்குவதைப் பார்த்துப் பழகினாள். ஒருநாள் கொடியில் காயப்போட்ட கம்பளி காற்றில் விழுந்து மைதானத்து வேலியோரம்வரை புரண்டு போயிற்று. அதை உதறி மடித்து வைத்துவிட்டாள். "அன்னைக்கு அதுல படுத்த மனுஷன் எழுந்த வேகம் இருக்கே, ஒருநாளும் அந்த வேகத்துல வேலைக்கு எழுந்தவர் இல்ல!" என்பாள் சிரித்துக்கொண்டே. அன்று கணவன் போட்ட சத்தம் அவள் காதில் ஏறவில்லை. கம்பளியிலிருந்து கழற்றிய முள் இரண்டு கை நிறைய இருந்தது. மறுநாளிலிருந்து தரையில் கம்பளியை விரித்து இழுத்தாள்; இடுப்புவலியும் போயிற்று. முதல் வருஷம், சுத்தமாக இருக்கட்டும் என்று முள்ளைக் கழுவி மூட்டை கட்டினாள். பத்தே நாளில் மூட்டை முழுக்கப் பூஞ்சை. நெருஞ்சியை வெயில்தான் கழுவ வேண்டும் என்று அன்று தெரிந்தது.

இப்படியே பத்தொன்பது வருஷம். இந்தச் செவ்வாய்க்கிழமை, ஓட்டப் பயிற்சி கொடுக்கும் வாத்தியார் அவள் தட்டுக்கு முன்னால் வந்து நின்றார்.

"முள்ளக்கா, சனிக்கிழமை மைதானம் பூரா களைக்கொல்லி அடிக்கப் போறோம். போட்டிக்குப் பத்து நாள்தான் இருக்கு. நேத்தும் ஒரு பொண்ணு குதிகால்ல முள்ளு வாங்கிட்டு உக்காந்துட்டா."

விஷம் தெளித்த தரையின் முள்ளை மருந்துக்கடை வாங்காது. வாங்கினாலும் அவள் கொடுக்க மாட்டாள். வேறு மைதானத்துக்கு எங்கே போவது?

"அடிச்சா செடிதான் சார் சாகும். உதிர்ந்த முள்ளு சாகுமா? கெடந்த இடத்துலயே கெடந்து குத்தும்."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க?"

"ஓடுற பாதையில ஒரு செடி, ஒரு முள்ளு இல்லாமப் பண்ணிக் குடுக்குறேன். வேலியோரத்தை மட்டும் எனக்கு விட்டுடுங்க."

வாத்தியார் யோசித்தார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாதை பூரா நானே வெறுங்காலோட நடப்பேன். ஒண்ணு குத்தினாலும் மறுநாள் மருந்துதான்."

செடிகளை வேரோடு எடுத்தாள். இரண்டு நாள் கம்பளியை இழுத்தாள். வெள்ளிக்கிழமை காலையில் பாதையின் வளைவில் உள்ளங்கையை வைத்துத் தடவினாள், சுருக்கென்றது. ஓடுகிற கால்கள் மிதித்து மிதித்து முள் மண்ணில் இறங்கியிருந்தது, நுனி மட்டும் வெளியே. கம்பளிக்கு அது அகப்படவில்லை. மறுபடி இழுத்தாள். மறுபடி தடவினாள். மறுபடி குத்தியது.

சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டும் கொழுந்தன் கடை மைதானத்து வாசலில்தான். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான்.

"முள்ளுக்கு ரப்பர்னா உசிரு அண்ணி. எனக்குத் தெரியாததா?"

பழைய ட்யூப்களை ஒரு டிரம்மில் இறுக்கிச் சுற்றினான். உள்ளே தண்ணீரை நிரப்பி வளைவில் உருட்டினான். ஒரு சுற்று வருவதற்குள் ரப்பர் முழுக்க முள்.

"என் சோத்துல நானே மண்ணள்ளிப் போட்டுக்கிறேன் பாருங்க. இனி எவன் டயர் பஞ்சராகும்?"

"உன் வாய் இருக்கே, அதை வெச்சே பொழச்சுக்குவ. உருட்டு."

உருட்டி எடுத்த முள்ளை அவள் வாளியில் போடுவதைப் பார்த்தான். "இதையும் மூட்டையில போட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே. ஊரான் செருப்பு மிதிச்சதை நோயாளிக்குக் குடுப்பாங்களா?"

மதியம்வரை அவன் கடையைத் திறக்கவே இல்லை. அவள் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அவன் பக்கம் தள்ளினாள்.

சாயங்காலம் வாத்தியார் ஷூவைக் கழற்றி அவள் பக்கத்தில் வைத்துவிட்டு நடந்தார். பாதி தூரத்தில் "ஆ!" என்று ஒற்றைக்காலில் நின்றார். அவள் பாதி எழுந்துவிட்டாள்.

"கல்லு, கல்லு!" என்று கையாட்டிவிட்டு மேலே நடந்தார்.

சும்மா இருக்க முடியாத கை அந்த ஷூவைத் திருப்பிப் பார்த்தது. கட்டைவிரல் நகம் வேலையைத் தொடங்கியது.

சுற்றி முடித்து வந்தவர் காலைத் தூக்கிக் காட்டினார். "ஒண்ணுமில்ல, ஒத்துக்கிறேன். ஆனா நாளைக்கே திரும்ப வந்துட்டா?"

அவள் உள்ளங்கையை விரித்தாள். ஏழு முள்.

"இது பாதையில இருந்தது இல்ல சார். உங்க ஷூவுல வந்தது. ரோட்டோரத்துல மிதிச்சிருப்பீங்க."

வாத்தியார் ஏழையும் எண்ணிப் பார்த்தார். "அப்ப மருந்தை என்மேலதான் அடிக்கணும்" என்று சிரித்தார். "வேண்டாம் முள்ளக்கா. நாளையில இருந்து எல்லாரும் ஷூவை வாசல்லயே தட்டிட்டுத்தான் உள்ள வருவோம். பாதையை வாரம் ஒருதடவை இதே மாதிரி பாத்துக்குங்க. வேலியோரம் உங்களுது."

வேலியோரத்தில் மஞ்சள் பூக்கள் சாயும் வெயிலில் கிடந்தன. குத்தினாலும் சோறு போட்ட செடி. அவள் அதையே ஒரு கணம் பார்த்தாள். கண் கலங்கியதை முந்தானையில் ஒற்றிக்கொண்டாள். பிறகு ஷூவின் அடிப்பக்கத்தைக் கடைசியாக ஒருமுறை விரலால் தடவிப் பார்த்து, இரண்டு கையாலும் எடுத்து அவரிடம் கொடுத்தாள்.