தங்கரத்தினம் அடிக்காத நோட்டீஸ்

எங்கள் அச்சகத்துக்கு விண்டோஸ் கொம்பியூட்டர் வந்தது தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு. அதை வாங்கச் சொல்லி முதலாளியை நச்சரித்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கனகசுந்தரம் ஒளித்துவிட்டான் என்று பிறகு யாரும் சொல்லக்கூடாது.

அதுவரை எங்களிடம் இருந்தது ஒரு மக்கின்டோஷ். சின்னத் திரை, கறுப்பு வெள்ளை. ஆறு வருஷமாக அதன் முன்னால் இருந்தவள் தங்கரத்தினம். திருகோணமலை டவுனில் யார் செத்தாலும், வீட்டாருக்கு அடுத்தபடியாகத் தெரியவருவது அவளுக்குத்தான். மரண அறிவித்தல் நோட்டீஸ், முப்பத்தோராம் நாள் செத்தவர் நினைவாகக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகம் எல்லாம் அவள் அடித்துத்தான் வெளியே போகும். நான் அச்சு மெஷின்காரன். மை பூசுவேன், தாள் வெட்டுவேன், இடையிடையே அவளைப் பகிடி பண்ணுவேன்.

"யமன்ர கந்தோரில நீர்தான் கிளாக்கர்" என்பேன். சிரிப்பாள்.

நோட்டீசில் அவள் மிகவும் கவனமாகப் பார்ப்பது ஒரு சொல்லை. செத்தவரின் பிள்ளைகள், சகோதரங்களின் பெயரெல்லாம் வரிசையாக வரும். அவர்களில் முன்பே இறந்தவர் இருந்தால் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடவேண்டும். பிழையாகப் போட்டால் உயிரோடு இருக்கிறவரைக் கொன்றுவிடுவோம். ஆகவே ஒவ்வொரு வரிக்கும் கீழே கோடு கீறும் அடிமட்டத்தை வைத்து வாசித்துப் பார்த்த பிறகுதான் என்னிடம் தருவாள்.

அவளுடைய புருஷன் யோகலிங்கம், சல்லி ஊர்க்காரன். தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் சைக்கிளில் சந்தைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. பிடித்துக்கொண்டு போனதைக் கண்டவர்கள் இருந்தார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சொல்லத்தான் ஒருவரும் இல்லை. சில வருஷம் கழித்து அரசாங்கக் கச்சேரியில் மரணச் சான்றிதழுக்குப் படிவம் கொடுத்தார்கள். அவள் அதைக் கையால் தொடவில்லை. பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. மாமனார் செத்தபோது அவருடைய நோட்டீசை அவளே அடித்தாள். பிள்ளைகளின் வரிசையில் முதலாவது பெயர் யோகலிங்கம், முன்னால் ஒரு சொல்லும் இல்லாமல். சல்லிச் சனம் அதை வாசித்துவிட்டு விளங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு அவளுக்கு முன்னால் ஒருவரும் அவனுக்காக அழுததில்லை. பெற்ற தாய் கூட அடுப்படிக்குப் போய்த்தான் அழுவாள்.

கரண்ட் போய்ப் போய் வந்ததில் ஒருநாள் பழைய கொம்பியூட்டரின் திரை இருண்டது. கொழும்புக்குக் கொண்டுபோய்த் திருத்துவதென்றால் வழியெல்லாம் ஆமிச் சென்றியில் இறக்கி, பிரித்துக் காட்டி, திரும்பக் கட்டவேண்டும். "அதைக் கடலில போட்டிட்டுப் புதுசு வாங்குங்கோ" என்று முதலாளியிடம் சொன்னேன். தங்கரத்தினம் என்னை முறைத்தாள்.

கிண்ணியாவிலிருந்து அன்ஸார் பெட்டிகளோடு வந்தான். கொம்பியூட்டர் பொருத்துவதுதான் அவனுக்குத் தொழில். வயர்களைக் கொழுவி, தமிழ் எழுத்துருவை ஏற்றி, திரையில் 'வணக்கம்' என்று அடித்துக் காட்டினான். கலர் கலராக வந்ததும் கல்யாண வீட்டு மாப்பிள்ளையின் தகப்பன் போல நான் அங்குமிங்கும் நடந்தேன். தங்கரத்தினம் கதிரையில் இருந்து ஒரு பெயர் அடித்துப் பார்த்தாள். விரல் பழகிய இடத்தில் 'க' இல்லை, வேறேதோ விழுந்தது. எழுத்தெல்லாம் இடம் மாறிக் கிடந்தன. அவள் முகம் வாடிப்போனது.

பிறகு தன்னுடைய பழைய டிஸ்க்குகளை ஒரு பிஸ்கற் ரின்னோடு கொண்டுவந்து வைத்தாள். அன்ஸார் ஒன்றைப் போட்டுப் பார்த்தான்.

"தங்கச்சி, இத இந்த மெஷினுக்கு வாசிக்க ஏலாது. ஃபோமட் பண்ணவா எண்டு கேக்குது."

"ஃபோமட் எண்டா?"

"உள்ளுக்க இருக்கிறத எல்லாம் அழிக்கிறது."

"வாசிக்கத் தெரியாட்டி அழிக்கிறதோ?" என்று கேட்டு, டிஸ்க்கை இழுத்தெடுத்து ரின்னுக்குள் வைத்து மூடினாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் அடிக்கவேண்டும் போலிருக்கும்.

எழுத்துகளைக் கடதாசியில் எழுதி வெட்டி, ஒவ்வொரு பட்டனிலும் ஒட்டிக்கொண்டு புதிதாகப் பழகினாள். முதல் நோட்டீசை அடித்து முடிக்க ஒரு பகல் பிடித்தது. யாரோ ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையினுடையது. இனிமேல் அதைத் திறந்து பெயர்களை மட்டும் மாற்றினால் போதும் என்று பத்திரப்படுத்தி வைத்தாள். எல்லா அச்சகத்திலும் அப்படித்தான். செத்தவர் மாறுவார், நோட்டீஸ் மாறாது.

அந்தக் கிழமையே அவளுடைய மாமி, யோகலிங்கத்தின் தாய் கனகம்மா செத்துப்போனாள். காலையில் செய்தி வந்தது. தங்கரத்தினம் எழும்பி நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் மேசையைத் துடைத்தாள்.

"கனகசுந்தரண்ணை, நான் போகவேணும். நோட்டீசை நீங்கள் அடிப்பியளோ?"

"ஓம், இதென்ன பெரிய வேலையே?"

"மாமாவின்ரயைத் திறக்க ஏலுமெண்டால் மாமியின்ர பேரை மாத்தினாக் காணும். அது டிஸ்க்கில கிடக்கு."

"இதில நீர் அடிச்ச மற்றது கிடக்குத்தானே. நான் பாக்கிறன், நீர் போம்."

பெயர்களை ஒரு துண்டில் எழுதித் தந்தாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

"அண்ணை, இவரின்ர பேருக்கு முன்னால ஒண்டும் வரக்கூடாது."

"எனக்குத் தெரியாதே, பிள்ளை?" என்றேன். எனக்குத் தெரியும். உண்மையாகவே தெரியும்.

ஆனால் நான் அடிக்கிறவன் இல்லை. ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன். ஆசிரியையின் பிள்ளைகளில் மூத்தவர் பாக்கியரத்தினம். அந்தப் பெயரை அழித்து யோகலிங்கம் என்று போட்டேன். அடுத்ததை அழித்துக் கமலேஸ்வரி என்று போட்டேன். பெயரும் துண்டும் ஒத்துப் போகிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன். எல்லாப் பெயரும் சரி. அடிமட்டம் மேசையில் கிடந்தது, அதை நான் எடுக்கவில்லை. கரண்ட் போவதற்கு முன் இருநூறு நோட்டீஸ் அடித்து முடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

வழி நெடுக மதிலிலும் லைட் போஸ்டிலும் ஒட்டிக்கொண்டே சைக்கிளில் சல்லிக்குப் போனேன். முத்துமாரியம்மன் கோயிலடியிலும் ஒன்று ஒட்டினேன். மிச்சத்தைச் செத்தவீட்டில் கொடுத்துவிட்டு ஆம்பிளைகளோடு பந்தலில் இருந்தேன். உள்ளே பெண்கள் பிரேதத்தைச் சுற்றி இருந்தார்கள். யோகலிங்கத்தின் தங்கை கமலேஸ்வரி ஒரு நோட்டீசை எடுத்து, எழுத்துத் தெரியாத கிழவிகளுக்காகச் சத்தமாக வாசித்தாள்.

பிள்ளைகளின் வரிசைக்கு வந்தாள். "காலஞ்சென்ற யோகலிங்கம்..."

அந்த இடத்தில் நின்றுவிட்டாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆசிரியையின் மகன் பாக்கியரத்தினம் முன்பே செத்தவர். அவருடைய பெயரை மட்டும் அழித்திருக்கிறேன். அவருக்கு முன்னால் கிடந்த சொல்லை யோகலிங்கத்துக்கு விட்டிருக்கிறேன்.

பிழை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? நோட்டீஸ் அடிப்பது தங்கரத்தினம் என்று ஊருக்கே தெரியும். ஒன்பது வருஷம் பிடிவாதமாக இருந்தவள், கடைசியில் தானே ஒத்துக்கொண்டு அடித்துவிட்டாள் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள்.

"ஐயோ மச்சாள், மனசைத் தேத்திப் போட்டியளே!" என்று கமலேஸ்வரி பாய்ந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். அதோடு எல்லாப் பெண்களும் பிரேதத்தை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்கள். அவ்வளவு காலமும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே சத்தமாக வந்தது. யோகலிங்கத்தின் நடையை, சிரிப்பை, சைக்கிளைச் சொல்லிச் சொல்லி ஒப்பாரி வைத்தார்கள்.

தங்கரத்தினம் நோட்டீசை வாங்கிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து வாசல் வழியாக என்னைப் பார்த்தாள்.

"நான் அடிக்கேல்ல" என்றாள்.

அந்த அழுகைக்குள் அது ஒருவருக்கும் கேட்கவில்லை. எனக்கு அவள் வாய் அசைந்தது தெரிந்தது. எழும்பிப் போய், "பிழை என்னுடையது, அவன் சாகவில்லை" என்று கத்தியிருக்கவேண்டும். ஆனால் சாகவில்லை என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? பந்தலிலேயே இருந்துவிட்டேன்.

"நான் அடிக்கேல்ல" என்று இன்னொரு தரம் சொன்னாள்.

மூன்றாம் தரம் சொல்லவில்லை. கமலேஸ்வரியின் தோளில் முகத்தை வைத்து, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகப் புருஷனின் பெயரைச் சொல்லி அழுதாள்.