கையில் நண்டுக் குழம்பு வாசனை

மெட்ராஸில் வயிற்றுப் புண்ணுக்கு ஆபரேஷன் செய்து, என் பாதி இரைப்பையை எடுத்து மூன்று வாரமாகிறது. வேளைக்கு அரை டம்ளர் கஞ்சிதான். ஏரிக்கு நடுவே, மீனும் நண்டும் கொழிக்கும் பசியாவரம் தீவில் இருந்துகொண்டு வெறும் கஞ்சி!

போன வாரம் ஆசையை அடக்க முடியாமல் ஒரே ஒரு இறாலைத் தின்றுவிட்டு, பொழுது சாயும்வரை வாந்தி எடுத்தேன். அன்றிலிருந்து வீட்டில் மீன் ஆக்குவதில்லை. "எனுக்கும் கஞ்சியே போதும்"னு என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

இன்று மத்தியானம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னாய்யா, கையில நண்டுக் கொழம்பு வாசன வருது?"

தலையைக் குனிந்துகொண்டார். "அண்ணி வூட்ல துன்னேன். தெனம் அங்கதான். உன் எதிர்ல எப்டி துன்றது?"

எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. "ஒரே ஒரு வாய் வாங்கியாய்யா" என்றேன்.

"வேணாம்மா. நீ துடிச்சத இன்னொரு வாட்டி என்னால பாக்க முடியாது."

மறுபடி கை கழுவ எழுந்தவரை இழுத்து உட்காரவைத்தேன். அந்தக் கையை மூக்கருகில் பிடித்துக்கொண்டே கஞ்சி முழுவதையும் குடித்தேன். பாவம், அவர் அசையவே இல்லை.

சிரிக்காதீர்கள். புருஷன் கையைத் தொட்டுக்கொள்ள வைத்துக் கஞ்சி குடித்தவர்கள் உங்களில் வேறு யாராவது உண்டா?