அக்கா கேட்ட கற்கள்

போன வாரம் மழைக்கு ஒதுங்கி சனத்நகரில் ஒரு கல் கடை வாசலில் நின்றேன். அடுக்கி வைத்திருந்த சிலேட்டுக் கற்களின் மேல் தூறல் விழுந்ததும் ஒரு வாசனை வந்தது பாருங்கள், பள்ளிக்கூடத்துச் சிலேட்டை எச்சில் தொட்டு அழித்தால் வருமே, அதே வாசனை. நினைப்பில் நேரே வசந்தா அக்காவின் பழைய சமையலறைக்குப் போய்விட்டேன்.

அப்போது எனக்கு அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் வேலை. குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் அக்காவோடு இருந்தேன். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்ததால் அவள் ஆபீஸ் வேலையை விட்டிருந்தாள். கண் இன்னும் ஒரு வருஷம் தாங்கினால் அதிகம் என்றார் டாக்டர். அந்த வாரமே சமையலறைத் தரையைப் பெயர்த்துவிட்டு, மேடுபள்ளமான சிலேட்டுக் கல் பதிக்க வேண்டும் என்றாள்.

கொத்தனார் மல்லேஷ் தலையில் கைவைத்துக்கொண்டார். "எகுடுதிகுடுகா உண்டுந்தம்மா! ஏத்த இறக்கமா இருக்கும். பாலிஷ் கல்லு போட்டுக்கோங்க."

"நக்கோ, பாலிஷ் வேணாம். மேடுபள்ளம்தான் வேணும். கண்ணு போனா காலு பாக்கணும்ல?"

கண்ணை மூடி, வெறுங்காலோடு ஒவ்வொரு கல்லிலும் ஏறி நின்று தேர்ந்தெடுத்தாள். அடுப்புக்கு முன்னால் சொரசொரப்பானது. தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நடுவில் குழிந்தது. மல்லேஷ் கலவை பரப்பி, தட்டித் தட்டி உட்காரவைத்தார். ஜன்னலடிக் கல் மட்டும் உட்காரவில்லை. மிதித்தால் 'டொக்' என்றது. "இருக்கட்டும், அடையாளம்" என்றுவிட்டாள்.

ஆறே மாதத்தில் அக்கா விளக்கில்லாமல் சமைத்தாள். சாயங்காலம் நான் வந்தால் இருட்டுக்குள் தாளிக்கும் சத்தம் கேட்கும். முந்திரி டப்பாவுக்காகப் பூனைபோல் நுழைந்தாலும், "டேய், ரெண்டாவது கல்லுல நிக்கற" என்பாள்.

ஒரு மழை மத்தியானம், "கூட வந்திருக்கறது யாருடா?" என்றாள்.

"யாருமில்லக்கா."

"ஜன்னல் கல்லு சத்தம் போட்டுதே."

நான் வாசற்படியையே தாண்டியிருக்கவில்லை.

அப்புறம் அடிக்கடி இதையே சொன்னாள். மல்லேஷைக் கூப்பிட்டேன். அந்தக் கல்லைப் பெயர்த்து, புதுக் கலவை போட்டு இறுக்கினார். நான் ஏறிக் குதித்தும் அசையவில்லை. மறுநாள் பார்த்தால், அக்கா கையில் கரண்டியோடு ஓரமாக ஒதுங்கி நிற்கிறாள், யாருக்கோ வழி விடுவதுபோல.

"பயமா இல்லையாக்கா?"

"எதுக்கு? பாத்துதான் நடக்கறாங்க. என்னை இடிக்கறதில்ல."

பயந்தவன் நான்தான். அவளுக்குப் புத்தி பிசகுகிறதோ என்று எனக்குள் ஓடியது. அதைச் சொல்லத் தைரியமில்லாமல், புது ஃப்ளாட்டில் லிஃப்ட் இருக்கும், மெட்ரோ பக்கம் என்று சாக்குகள் அடுக்கி வீட்டை விற்கவைத்தேன்.

காலி செய்த அன்று அக்காவை ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டு, மறந்துபோன சாவியை எடுக்கத் திரும்பிப் போனேன். வெறும் சமையலறை. நிலைப்படியில் நின்றபடியே ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன். ஜன்னலடியில் 'டொக்' என்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றுவரை அக்காவிடம் சொல்லவுமில்லை.

இப்போது அங்கே ஐந்து மாடி. சமையலறை இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். எங்கள் ஃப்ளாட்டில் கண்ணாடி மாதிரி டைல்ஸ். "தரையே இல்லாத மாதிரி இருக்குடா" என்கிறாள் அக்கா. சுவரைத் தடவித் தடவி ஹால் வரை வருவாள். அதற்கு மேல் என் கை வேண்டியிருக்கிறது.