புகையைப் பிடித்த பரமலிங்கம்

பரமலிங்கம் மல்லாவியில் வயல் செய்தான். வயல் ஓய்ந்த காலத்தில் காட்டில் தேன் எடுப்பான். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டான். அறுபத்திரண்டாம் ஆண்டில் அவன் பிடித்தது மெழுகுதிரியை.

தேன்மெழுகை உருக்கி மெழுகுதிரி வார்த்து, முல்லைத்தீவுக் கடைக்காரர் கச்சு முகம்மதுவிடம் கொண்டுபோனான். மாதா கோயில் திருநாளுக்குத் திரி கொடுக்கிறவர் அவர்தான். கொளுத்திப் பார்த்தவர் கரும்புகை தாங்காமல் மூக்கைப் பொத்தினார்.

“இது திரியோ, கரிக்கோச்சி ரயிலோ? மாதாவின்ரை முகமே கறுத்துப் போகும். திருநாளுக்கு முதல் சரியாச் செய்து கொண்டு வா. இல்லாட்டி யாழ்ப்பாணத்திலை எடுப்பன்.”

“கொண்டு வாறன், நானா.”

வீட்டுக்கு வந்தவன் மெழுகுதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மெழுகு சுத்தமான மெழுகு. பிழை எங்கே? கோயில் விளக்குக்குத் திரிக்கிற மாதிரிப் பழைய வேட்டியைக் கிழித்துத் தடிப்பாய்த் திரித்திருந்தான். எங்களுக்குத் தெரிந்த திரி அதுதானே.

குசினிக்குள் அடுப்படியில் குந்தினான். துணித்திரியை மட்டும் கொளுத்தினான்; உடனே சாம்பல். மெழுகுக்கட்டிக்கு மட்டும் நெருப்புக்குச்சி பிடித்தான், உருகியது, எரியவில்லை.

“அப்ப எதுதான் எரியுது?” என்று மனைவி இரஞ்சிதத்தைக் கேட்டான்.

“என்ரை வயிறு,” என்றா அவா. “எழும்புங்கோ, உலை வைக்கவேணும்.”

எழும்பமுன், வெளிச்சத்துக்குக் கொளுத்தி வைத்திருந்த தன் மெழுகுதிரியை நூர்த்து அணைக்கப் பார்த்தான். விளக்கை வாயால் ஊதுகிற வழக்கம் எங்கள் வீடுகளில் இல்லை. தகரப் பேணியைக் கவிழ்த்து மூடினான். நூர்ந்தது. பேணியை எடுக்க, வெள்ளைப் புகை நூல்போல நேரே எழும்பியது. ஊதியிருந்தால் கலைந்திருக்கும். நெருப்புக்குச்சி ஒன்றைத் தட்டி, திரியில் முட்டாமல் அந்தப் புகையில் காட்டினான். நெருப்பு புகை வழியே கீழே பாய்ந்து திரியில் குந்திக்கொண்டது.

“இஞ்சை வாரும்! புகையெல்லோ எரியுது! உருகின மெழுகைத் திரி குடிச்சுப் புகையா விடுகுது. என்ரை திரி தடிப்பு. கனக்கக் குடிச்சிட்டு, எரிக்கேலாமல் கக்குது.”

“கள்ளுக் குடிக்கிறவை மாதிரி எண்டு சொல்லுங்கோ.”

பிறகு நூலில் திரி பின்னினான். முதல் திரி மெல்லிசு. உருகின மெழுகுக்குள் மூழ்கி நூர்ந்தது. இரஞ்சிதம் அதை வாங்கி, இன்னும் சில இழை சேர்த்து, தலை பின்னுகிற மாதிரி இறுக்கிப் பின்னிக் கொடுத்தா. சுவாலை நிமிர்ந்து நின்றது. மேலே வெள்ளைப் பீங்கானைப் பிடித்துப் பார்த்தார்கள். கரி இல்லை.

கச்சு முகம்மது புதுத் திரியைக் கொளுத்தி வைத்துவிட்டு, சனத்துக்குச் சாமான் நிறுத்தார், தேத்தண்ணி குடித்தார். பாதி எரிந்த பிறகுதான் குனிந்து முகர்ந்து பார்த்தார்.

“யாழ்ப்பாணத்துக்கு ஆள் அனுப்பேல்லை. திருநாளுக்கு எவ்வளவு தருவாய்?”

“தேனீயைத்தான் கேக்கவேணும், நானா,” என்றான் பரமலிங்கம். “அதுக்கு முதல் எனக்கும் ஒரு தேத்தண்ணி சொல்லுங்கோ.”