மூன்று சக்கர வண்டியும் முச்சந்தி முனியாண்டியும்

லாரியில் ஏற்றிய செம்பனைக் குலைகள் சரிந்து விழுந்ததிலிருந்து என் இடது கால் என் பேச்சைக் கேட்பதில்லை. ஊன்றினால் மடங்கிவிடும். இரண்டு சக்கர மோட்டாரை நிறுத்தினால் காலை ஊன்றத்தானே வேண்டும்? அதனால் அதை விற்றுவிட்டோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மலேசியாவில், பெம்பான் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். என் மனைவி தன் பங்கு ரப்பர் பால்மரங்களோடு இன்னொருவர் பங்கையும் சேர்த்து வெட்டினாள். சாயங்காலம் அவள் கைவிரல்கள் மடங்காது. சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடுவாள்.

டவுனில் ஒரு பலகைக் கம்பெனியில் ஜாகா வேலை இருந்தது. உட்கார்ந்தபடியே காவல் பார்ப்பது. மத்தியானத்தில் போக வேண்டும், அந்த நேரத்தில் தோட்டத்துப் பக்கம் பஸ் கிடையாது. சொந்தமாக வந்து போனால் வேலை உனக்குத்தான் என்று சொன்னார்கள். அது அமைந்தால் அவள் அந்தக் கூடுதல் வெட்டை விட்டுவிடலாம். விளக்கேற்றும்போதெல்லாம் முனியாண்டியிடம் இதை மட்டுமே கேட்டேன்.

மனைவியின் தம்பி ஒருநாள் ஓடிவந்தான். “மாமா, தவுக்கே கடைல ஒரு வண்டி நிக்கிது. ஜப்பான்ல ஓடுனதாம். மூணு சக்கரம்லா! ஐஸ்கிரீம் விக்கப் போலாம்.”

“கிண்டலா மாப்ளே?”

“சத்தியமா மாமா. வந்து பாருங்க.”

போய்ப் பார்த்தேன். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு குட்டிச் சக்கரங்கள், அரிசி மூட்டை வைக்கும் அளவுக்கு ஒரு பெட்டி. ஓட்டிக் காட்டியபோதுதான் அதிசயம் தெரிந்தது. வளைவில் பின்சக்கரங்கள் தரையோடு ஒட்டியிருக்க, இருக்கையும் முன்சக்கரமும் மட்டும் ஆளோடு சேர்ந்து சாய்ந்தன. நானும் ஏறி ஓட்டினேன். சாய்ந்து திரும்பியபோது என் கால் நினைவே எனக்கு வரவில்லை.

கடையின் சீன முதலாளியான தவுக்கே, கைப்பிடிக்குக் கீழிருந்த ஒரு பிடியைத் தட்டிக் காட்டினார். “நிப்பாட்டுனா இதை இழு. அப்பதான் நேரா நிக்கும். இழுக்காட்டி சாயும், விழுவலா.” தலையாட்டினேன். ஆனால் மூன்று சக்கரம் எங்கே விழப் போகிறது என்றுதான் மனம் சொன்னது.

வண்டியை வாங்கி வெள்ளிக்கிழமை பூசை போட்டோம். பூசாரி எலுமிச்சம்பழத்தோடு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“ஏன்யா, இதுக்கு ரெண்டு பழமா, மூணா?”

“மூணு சாமி.”

“மூணா? ஒன்னு கூடப் போச்சே. உன் காலுக்கு வச்சிக்குவோம்.” எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

திங்கட்கிழமை முதல் வேலை. தோட்டத்து முச்சந்தியில் முனியாண்டி இருக்கிறார். அந்த வழியாகப் போகும் எவரும் நிற்காமல் போவதில்லை. வண்டியை நிறுத்தினேன். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டேன். பிடியை இழுக்கவில்லை. பின்சக்கரங்கள் அசையாமல் நிற்க, இருக்கை மட்டும் மெல்ல இடது பக்கம் சாய்ந்தது. ஊன்றக் கால் இல்லை. பிடிக்கக் கையும் இல்லை, இரண்டும் சாமியிடம் இருந்தன.

எதிரே, பால் நிறுக்கும் ஸ்டோருக்கு வாளிகளோடு போன என் மனைவி வாளிகளைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். செம்மண்ணில் அன்றைய பால் முழுவதும் ஓடியது. “ஏங்க, எந்திரிங்க… ஏங்க!” எழ முடியவில்லை. உதவாத அந்தக் கால் பக்கத்து இடுப்பெலும்பும் உடைந்திருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் கம்பெனியில் வேறு ஜாகா வந்துவிட்டார். நான் அக்குளில் இரண்டு கட்டைகளை ஊன்றி நடந்தேன். வண்டி வாசலில் நின்றது. பிடியை இழுத்துவிட்டிருந்தார்கள், அதனால் யாரும் தாங்காமல் நேராக நின்றது. கோழிகள் அதன் பெட்டியில் முட்டையிட்டன.

எங்கள் வாசலிலிருந்து முச்சந்தி தெரியும். சாமியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் என்ன கேட்பதென்றும் தெரியவில்லை. விளக்கை ஏற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். மத்தியானத்தில் அவள் அந்த வழியாக வருவாள். இரண்டு பேர் பங்குப் பாலும் இரண்டு கை வாளிகளில் இருக்கும். முனியாண்டி முன்னால் ஒரு நொடி நிற்பாள். கையெடுத்துக் கும்பிட முடியாது. தலையை மட்டும் லேசாகத் தாழ்த்திவிட்டு, பால் தளும்பாமல் நடப்பாள்.