மணமாகாதவர்கள் மட்டும்

அடுத்த வீட்டுப் பெண் நேற்று வந்து, என் கூடத்துச் சுவரில் குதிகாலைத் தூக்கி நின்று, கையை நீட்டி, விரல்நுனி தொட்ட இடத்தில் பென்சிலால் கோடு போட்டாள். விமானப் பணிப்பெண் வேலைக்கு அவ்வளவு உயரம் எட்டியாக வேண்டுமாம். எட்டிவிட்டது. "செலக்ட் ஆனா ரெண்டு வருஷக் காண்ட்ராக்ட் ஆன்ட்டி!" என்று துள்ளிக்கொண்டு ஓடினாள். அவள் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குசினிக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினேன். காண்ட்ராக்ட் என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பிலோமினா ஞாபகம் வந்துவிடும்.

எழுபதுகளில் பிலோவும் நானும் தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் வேலை பார்த்தோம். நான் டைப்பிஸ்ட். அவள் டெலிபோன் போர்டில். கார்பன் தாளும் ஈரச் சாக்கும் கருவாடும் கலந்த ஒரு வாசனை அந்த ஆபீசுக்கு உண்டு. வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் தலைமுடியிலிருந்து போகாது. ஜன்னலுக்கு வெளியே தோணிகள் சரக்கேற்றிக்கொண்டு, தூரத்தில் நிற்கும் கப்பலைப் பார்க்கப் போகும். பிலோ காதில் மாட்டிய ஹெட்போனோடு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். "எல்லாம் இங்கனயிருந்து கெளம்பிப் போவுது. நாமதாம்ளா இங்கனயே கெடக்கோம்" என்பாள்.

வளைகுடா நாட்டு விமானக் கம்பெனி ஒன்று சென்னையில் பெண்களை எடுக்கிறது என்று பேப்பரில் வந்தது. மணமாகாதவர்கள் மட்டும். அவள் என்னையும் இழுத்தாள். அவளுடைய அம்மா ரோசம்மாள் மாமியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ரயிலேறினோம். ஒரு பெரிய ஓட்டலில் எங்களை நிறுத்துப் பார்த்தார்கள். பல்லைப் பார்த்தார்கள், கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு நடந்து காட்டச் சொன்னார்கள். நானோ, மாதா கோவில் பூசையில் நன்மை அப்பம் வாங்கப் பீடத்துக்குப் போகிறவளைப்போலத் தலையைக் குனிந்துகொண்டு நடந்திருக்கிறேன். கை மட்டும்தான் குவிக்கவில்லை. என்னை அத்தோடு அனுப்பிவிட்டார்கள். வாசலில் காத்திருந்த மாமிக்கு எல்லாம் கேட்டு ஒரே ஆத்திரம். "மாட்டுச் சந்தையிலகூடப் பல்ல மட்டுந்தான் பாப்பாவ" என்றார். பிலோவை எடுத்துவிட்டார்கள்.

ஒப்பந்தம் இரண்டு வருஷம். அதற்குள் கல்யாணம் கூடாது. எடை ஏறக் கூடாது. பிடித்திருந்தால் இன்னும் இரண்டு வருஷம் தருவார்கள். பிடித்திருந்தால் என்பது கம்பெனிக்கு.

முதல் லீவில் வந்தபோது அவள் திறந்த பெட்டியிலிருந்து வந்த சென்ட் மணம் தெரு முழுக்க நின்றது. எங்கள் ஆபீஸ் வாசனையில் ஊறிய எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் அவளால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. பலகாரத்தை எடுப்பாள், எடையை நினைத்து வைத்துவிடுவாள். யாராவது தண்ணீர் கேட்டால் எல்லாருக்கும் முன்னே எழுந்துவிடுவாள்.

அந்த லீவிலேயே கல்யாணமும் நடந்தது. மாப்பிள்ளை அந்தோணி, கப்பலில் எஞ்சினியர். இருவருக்கும் நெடுநாள் பழக்கம். அவன் அடுத்த கப்பல் ஏறினால் எப்போது திரும்புவானோ தெரியாது. கம்பெனிக்குத் தெரியாமல் முடித்துவிடலாம் என்று நினைத்தார்கள். ஆனால் எங்கள் கோவிலில் கல்யாணத்துக்கு முன் ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று. ஊரில் பாதிப் பேருக்கு வளைகுடாவில் ஆள் உண்டு. பிலோ சாமியாரிடம் போய், "சாமி, கொஞ்சம் மெதுவா வாசிங்க" என்று கெஞ்சினாள். பிரசங்கத்தில் கூரை அதிரப் பேசும் மனிதர், அவள் பேர் வந்த இடத்தில் மட்டும் இருமினார். மூன்று ஞாயிறும் இருமினார்.

தாலியைக் கழற்றிக் கிரீம் டப்பாவுக்குள் புதைத்துக்கொண்டு பிலோ திரும்பிப் போனாள். அங்கே இன்னும் பல பெண்களின் பெட்டியிலும் இப்படி ஒரு டப்பா இருந்ததாம்.

அவளோடு ஒரே அறையில் இருந்தவள் கோவாக்காரி மோனிக்கா. அவளும் மறைத்துக் கல்யாணம் முடித்தவள். வயிற்றில் பிள்ளை உண்டானதையும் மறைத்து, யூனிபாரத்தை இறுக்கிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறாள். ஒருநாள் விமானம் பறந்துகொண்டிருக்கும்போதே அவளுக்குக் கரு கலைந்துவிட்டது. பிலோ அந்த விமானத்தில்தான் இருந்தாள். "பிளேன் குசினித் தரையில கெடந்தாளா. நான் அவ தலையத் தூக்கி மடியில வச்சிருக்கேன். வெளிய ஒருத்தன் காப்பிக்கு மணி அடிச்சிக்கிட்டே இருக்கான்" என்று பின்னாளில் என்னிடம் சொன்னாள். மோனிக்காவுக்கு உடம்பு தேறுமுன்பே கம்பெனி அவளை ஊருக்கு அனுப்பிவிட்டது.

அடுத்த ஒப்பந்தத்துக்குப் பிலோவைக் கூப்பிட்ட அதிகாரி, வழக்கமான கேள்வியைத் தலை நிமிராமலே கேட்டார். கல்யாணம் ஆகிவிட்டதா? எல்லாரும் இல்லை என்பார்கள். பிலோ, "ஆமா. பிள்ளையும் பெத்துக்குவேன். அதுக்கும் காப்பி ஊத்துததுக்கும் என்ன சம்பந்தம்?" என்று இங்கிலீஷில் கேட்டிருக்கிறாள். அவளை வேலையை விட்டு நீக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தது, அடுத்தது தரவில்லை, அவ்வளவுதான். யாரோடு சண்டைக்குப் போவது?

ஊருக்கு வந்தவளை எங்கள் மேனேஜர் பழைய போர்டிலேயே தற்காலிகமாக உட்காரவைத்தார். வந்த அன்று என்னிடம் கேட்டாள்: "ஒன்னப் பெர்மனென்ட் ஆக்கிட்டாவளா?"

"இல்ல. ஆறு மாசத்துக்கு ஒருக்க நிப்பாட்டிட்டுத் திரும்ப எடுக்காவ."

"ஏளா, நீ பறக்காமலே காண்ட்ராக்ட்ல இருக்கியே!"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

துறைமுகத்தில் எங்கள் கப்பல் நின்ற ஒரு மத்தியானம், பிலோ ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தாள். முன்பே பேசி வைத்திருந்தபடி, எல்லாரையும் நிரந்தரமாக்கச் சொல்லி, நாங்கள் மூன்று டைப்பிஸ்டுகளும் மெஷினை மூடினோம். அவசரத்தில் என் மூடி சரியாக உட்காரவே இல்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. மேனேஜர் வெளியே வந்து கத்தினார், பிறகு கெஞ்சினார். தலைமைக் குமாஸ்தா அண்ணாச்சி எங்களுக்கும் அவருக்கும் நடுவே நடையாய் நடந்தார். சாயந்தரம் ஒரு முடிவு வந்தது. டைப்பிஸ்டுகளை நிரந்தரமாக்குகிறோம், போர்டுக்காரி வேண்டாம்.

"அப்ப எங்களுக்கும் வேண்டாம்" என்று நான் எழுந்தேன். பிலோ என் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். "நீயும் எந்திரிச்சிட்டா அந்த நாக்காலியில யாருளா உக்காருவா? கையெழுத்தப் போடு." கண் கலங்கியிருந்தாலும் குரல் அதட்டலாகத்தான் வந்தது. போட்டேன்.

அவளும் அந்தோணியும் பம்பாய் போனார்கள். இரண்டு பிள்ளைகள். வீட்டு மாடியில், விமானக் கம்பெனி இன்டர்வியூவுக்கு வரும் வெளியூர்ப் பெண்களுக்குத் தங்க இடம் கொடுத்தாள். ஒப்பந்தத்தை உரக்க வாசித்துக் காட்டாமல் ஒருத்தியையும் கையெழுத்துப் போட விடமாட்டாளாம். மோனிக்காவைத் தேடிக் கோவாவுக்கு இரண்டு தடவை போனாள். ஆள் கிடைக்கவில்லை. சில வருஷங்களுக்கு முன் பிலோவும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

நான் ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலியில்தான் இருந்தேன். அந்த விமானக் கம்பெனி பேர் மாறி, கைமாறி, இல்லாமலே போயிற்று. தோணிகள் குறைந்துபோயின. ஆபீசை இடித்துவிட்டு அந்த இடத்தில் பெரிய செல்போன் கடை கட்டியிருக்கிறார்கள். போன மாதம் சார்ஜர் வாங்கப் போனேன். ஒரே நிறச் சட்டையில் நாலைந்து பெண்கள் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள். உட்கார ஒரு நாற்காலிகூட இல்லை. பில் போட்ட பெண்ணிடம், வாய் சும்மா இராமல் கேட்டேன்.

"நீ இங்க பெர்மனென்ட்டாம்மா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்படின்னா என்ன ஆன்ட்டி?"