கிளியர் என்றால் நல்ல வார்த்தை

தொண்ணூறுகளில் எங்கள் ஆம்பூர் தோல் ஃபேக்டரிக்கு யூனிக்ஸில் ஓடும் கம்ப்யூட்டர் மெஷின் வந்தது. அதற்காகச் சென்னையில் பத்து நாள் பயிற்சி பெற்றவன் நான். மேன்யுவல் எப்போதும் என் மேசையில்தான் இருக்கும். ஃபேன் காற்றில் பேப்பர் பறக்காமலிருக்க நன்றாகப் பயன்பட்டது.

ஒருநாள் காலை, மேல்விஷாரம் யூனிட்டில், யூனிக்ஸ் எதற்கும் அசையாது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். ஆம்பூரிலிருந்து போன் வந்தது. ஆபரேட்டர் ஸ்டெல்லா. கரண்ட் போய் வந்ததில் மெஷின் படுத்துவிட்டதாம். டிஸ்க்கைச் சரிபார்க்கும் எஃப்.எஸ்.சி.கே. ஓடுகிறது, கேள்வி மேல் கேள்வி கேட்கிறது என்றாள்.

"ஒரே இடத்துக்கு ரெண்டு ஃபைல் சண்டை போடுது சார். 'கிளியர்?'னு கேக்குது. எஸ்ஸுக்கு 'ஒய்' போடட்டா, நோவுக்கு 'என்' போடட்டா?"

எங்கள் ஏற்றுமதிப் பிரிவில் அதைவிட நல்ல வார்த்தை கிடையாது. கஸ்டம்ஸில் சரக்கு கிளியர் ஆனால் எல்லோருக்கும் டீ வரும்.

"கிளியர்னா நல்லதுதானேம்மா. எல்லாத்துக்கும் ஒய் போடு."

"புக்கைப் பார்த்துச் சொல்றீங்களா சார்? பேஜாராயிடப் போவுது."

"யூனிக்ஸ் படிச்சது நீயா, நானா?"

போட்டாள். அங்கே கிளியர் என்றால் அடியோடு அழி என்று பொருள். மறுநாள் போக வேண்டிய கன்டெய்னரின் பேக்கிங் லிஸ்ட் முழுவதும் போயிற்று. பேக்கப் டேப் எடுப்பது என் வேலை. கடைசியாக எடுத்து மூன்று வாரமாகியிருந்தது. கட்டுகளைப் பிரித்து, ஒவ்வொரு தோலின் உட்புறமும் குறித்திருந்த சதுர அடியைப் பார்த்துப் புது லிஸ்ட் அடித்தார்கள். ஆடுகள் என்னைவிட ஒழுங்காக பேக்கப் வைத்திருந்தன.

மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஸ்டெல்லாவுக்கு வேலை நிரந்தரமாக வேண்டிய மாதம் அது.

"யாருய்யா ஒய் போட்டது?"

"ஸ்டெல்லா சார்," என்றேன். பொய்யில்லை. விரல் அவளுடையதுதான்.

அவள் என்னைப் பார்த்தாள். மாதக் கடைசியில் அவளை நிறுத்திவிட்டார்கள்.

மெஷினில் நடப்பதையெல்லாம் லாக் புக்கில் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டவன் நான். அதைப் பிரித்துப் பார்த்ததில்லை. அவள் போன பிறகு பிரித்தேன். 'காலை 9.40. சாருக்கு போன். எல்லாத்துக்கும் ஒய் போடச் சொன்னார்.' அவள் அதை மேனேஜரிடம் காட்டியிருக்கலாம். ஏன் காட்டவில்லை என்று கேட்கும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை. நானாவது காட்டியிருக்கலாம். அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். அப்போது யாரும் என்னை 'கிளியர்?' என்று கேட்கவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மெஷின் 'கிளியர்?' என்று கேட்டால் முதலில் 'என்' போடுங்கள். யார் போட்டது என்று மேனேஜர் கேட்டால் உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.